இன்ஸ்பெக்டர் ஸெனிகாட்டா – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். துப்பறியும் அனிமே படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘காலியோஸ்ட்ரோ கோட்டை’ படத்தின் உண்மையான நாயகன் திருடன் லூபின் இல்லை, அவனைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஸெனிகாட்டாதான் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தேன். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. லூபின் அவரைப் போலவே வேஷம் போட்டு வந்து கோட்டையையே கலங்கடிக்கிறான். நிலவறையில் அதே லூபின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது இவர் விலங்கு மாட்டாமல் கை குலுக்குகிறார். அது கடமை தவறுவது ஆகாதா? கடைசியிலும் கோட்டை விடுகிறார். இன்டர்போல் கூட்டமோ ஒரே கூத்தாக இருக்கிறது, நிஜத்தில் அப்படி நடக்குமா? காமெடி போலீஸ் நமக்குப் புதிதில்லை. இவரிடம் அதற்கு மேல் என்ன கண்டீர்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

நீங்கள் அடுக்கும் ஏமாற்றங்கள் எல்லாம் படத்தில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் லூபினைப் பிடித்தாரா இல்லையா என்று மட்டும் கணக்குப் பார்த்தால், அந்தப் படத்தில் அவர் செய்து முடிக்கிற வேலை கண்ணில் படாமல் போய்விடும். ஒரு திருடனைப் பிடிக்க வந்த மனிதர், ஒரு நாட்டு அரண்மனையின் அடியில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்த கள்ளநோட்டு அச்சகத்தை உலகத்தின் கண்முன் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். மேலிடம் அதைத் தொடாதே என்று சொல்லியிருந்தது. அந்த உத்தரவை மீறாமலே அதைச் செய்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

மங்கி பஞ்ச் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் 1967-ல் தொடங்கிய மாங்காவிலிருந்தே, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்தே, லூபினும் ஸெனிகாட்டாவும் ஜோடி. அனிமேவில் இவர் டோக்கியோ போலீஸிலிருந்து இன்டர்போலுக்கு டெபுடேஷனில் போனவர். 1977-ல் வந்த இரண்டாவது டிவி தொடரில் அவருக்குப் பெரும்பாலும் சிரிப்பு வேலைதான். கத்துவார், ஓடுவார், விழுவார். நீங்கள் சொல்லும் காமெடி போலீஸ் அவர்தான். 1979 டிசம்பரில் வெளிவந்த இந்தப் படம் மியாசாகி ஹயாவோ இயக்கிய முதல் முழுநீளப் படம். 1971-ல் வந்த முதல் டிவி தொடரிலேயே வேலை செய்தவர் என்பதால் இந்தப் பாத்திரங்கள் அவருக்குப் பழக்கம். பழுப்பு நிற மழைக்கோட்டு, தொப்பி, அந்தக் கத்தல் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே வேறொரு மனிதரை வைத்தார்.

அந்த மனிதர் யார் என்பதற்கு ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. ஐரோப்பிய மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில், தங்கமும் பளிங்குமாக ஒரு கோட்டை. அதற்குள் ஜப்பானின் சைத்தாமா மாகாணப் போலீஸ் படையோடு வந்து இறங்குகிறார் ஸெனிகாட்டா. கோட்டையின் சொந்தக்காரனும் அந்த நாட்டை ஆள்பவனுமான பிரபு அவரை மதிப்பதே இல்லை. இவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தன் ஆட்களோடு பந்தோபஸ்துக்கு உட்கார்ந்து, கப் நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிடுகிறார். குனிந்த முதுகு, முழு கவனமும் சாப்பாட்டில், ஆனால் ஆள் இடத்தை விட்டு அசையவில்லை. பல வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்த உடம்புக்குத்தான் அப்படி உட்கார வரும். லூபின் அவரைப் பற்றி, ஷோவா ஒற்றை இலக்கத்து ஆள் அல்லவா, வேலையில் என்ன அக்கறை என்று சொல்வான். ஷோவா என்ற பேரரசர் ஆட்சிக் காலத்தின் முதல் ஒன்பது வருஷங்களுக்குள், அதாவது 1926-க்கும் 1934-க்கும் இடையில் பிறந்தவர்களை ஜப்பானியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். போரில் பிள்ளைப் பருவத்தைத் தொலைத்துவிட்டு, போருக்குப் பிறகு எரிந்து கிடந்த நாட்டை வேலை செய்தே நிமிர்த்திய தலைமுறை. படம் வந்தபோது அவர்கள் ஐம்பதை ஒட்டியிருந்தார்கள். ஸெனிகாட்டாவுக்குக் குரல் கொடுத்த நயா கோரோவும் 1929-ல் பிறந்தவர். அந்தக் குரலில் இருக்கும் அலுப்பும் பிடிவாதமும் அவருக்கு எங்கிருந்தோ கடன் வாங்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது நிலவறைக்கு வருகிறேன். உங்கள் முக்கியமான குற்றச்சாட்டு அதுதான். இருவரும் விழுந்து கிடக்கும் இடம் எலும்புக்கூடுகள் குவிந்த குழி. அந்தக் கோட்டையின் ரகசியத்தைத் தேடி வந்து திரும்பாதவர்களின் எலும்புகள். அங்கே லூபினுக்கு விலங்கு மாட்டி என்ன செய்ய முடியும்? இரண்டு எலும்புக்கூடுகள் கூடும், ஒன்றின் கையில் விலங்கு இருக்கும், அவ்வளவுதான். பிறகு அச்சகத்தைப் பார்க்கிறார்கள். பல நாட்டு நோட்டுகள் கட்டுக்கட்டாக. போலீஸ்காரனாக இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது என்று ஸெனிகாட்டாவுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. கை குலுக்கும்போதும் அவர் கெடு வைத்துத்தான் குலுக்குகிறார். இங்கிருந்து தப்பிக்கும்வரைதான் இந்தச் சமாதானம், அப்புறம் நீ திருடன், நான் போலீஸ். லூபினும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறான். இதை நட்பு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னால் இரண்டு கேஸ் இருக்கும்போது பெரிய கேஸை முதலில் எடுக்கத் தெரிந்த ஒரு சீனியர் அதிகாரியின் முடிவு அது.

வெளியே வந்தவர் ஆதாரத்தோடு நேராக இன்டர்போலுக்குப் போகிறார். நீங்கள் கூத்து என்று சொன்ன கூட்டம் அங்கேதான் நடக்கிறது. கள்ளநோட்டைப் பார்த்ததும் பிரதிநிதிகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். கடைசியில் இது அரசியல் விவகாரம், தலையிட முடியாது என்று ஃபைலை மூடுகிறார்கள்.

நிஜத்தில் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸெனிகாட்டாவைப் போல விலங்கும் கையுமாக நாடு நாடாகப் போய்க் கைது செய்யும் அதிகாரிகள் இன்டர்போலில் கிடையாது. தகவல் பரிமாற்றம்தான் அவர்கள் வேலை, கைது அந்தந்த நாட்டுப் போலீஸின் வேலை. அந்த அளவில் அவரது உத்தியோகமே கற்பனை. ஆனால் அந்தக் கூட்டம் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இன்டர்போல் சாசனத்தின் மூன்றாவது பிரிவு அரசியல், ராணுவ, மத, இனத் தன்மை கொண்ட எதிலும் அமைப்பு தலையிடக் கூடாது என்று கண்டிப்பாகத் தடுக்கிறது. படத்தின் கற்பனை நாடான காலியோஸ்ட்ரோ 3500 பேர் வாழும் குட்டி நாடு, ஆனாலும் ஐ.நா. உறுப்பினர். அதன் ஆட்சியாளர் மீது கை வைப்பது அரசியல்தான் என்று ஒருவர் வாதிட்டால், ரூல் புத்தகத்தின்படி அவரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

ஒரு நாட்டின் மேல்மட்டமே கள்ளநோட்டு அடிக்குமா என்றால், அடித்திருக்கிறது. 1925 டிசம்பரில் ஹங்கேரியின் ராணுவ கர்னல் ஒருவர் தி ஹேக் நகரில் கள்ள பிரெஞ்சு ஃபிராங்க் நோட்டோடு பிடிபட்டார். நூல் பிடித்துக்கொண்டு போனால், பின்னால் ஒரு இளவரசரும் அந்த நாட்டின் தேசியப் போலீஸ் தலைவரும் இருந்தார்கள். 1926-ல் இருவருக்கும் தண்டனை கிடைத்தது. கள்ளநோட்டுக்கு எதிரான 1929-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தத்துக்கு அந்த வழக்குதான் பெரிய தூண்டுதல். 1923-ல் வியன்னாவில் தொடங்கிய, பின்னாளில் இன்டர்போல் என்று பெயர் பெற்ற அமைப்புக்கும் ஆரம்ப காலத்தில் கள்ளநோட்டு ஒரு முக்கியமான வேலையாக இருந்தது. அப்படிப்பட்ட வாசலிலிருந்துதான் ஸெனிகாட்டா வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. அதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மேலிடம் மூடிய ஃபைலைத் திறக்க அவருக்கு வழி இல்லை. ஆனால் லூபினைத் துரத்துவதை யாரும் தடுக்கவில்லை. அது ஒன்றுதான் அவருடைய லிமிட். பிரபுவின் கல்யாணத்தில் லூபின் கை வைக்கப் போகிறான் என்றதும் அந்த லிமிட்டுக்குள் நின்றுகொண்டே படையைக் கிளப்புகிறார். கல்யாணத்தை நேரலையில் காட்ட டிவி நிருபராக வந்திருக்கும் ஃபுஜிகோவும் (லூபினுக்குப் பழக்கமான திருடி) கேமராவும் பின்னால் ஓடிவர, லூபினைத் தேடுகிறேன் என்று சொல்லி நேராக நிலவறைக்கு இறங்குகிறார். அங்கே குவியலாகக் கிடக்கும் நோட்டுகளை அள்ளிப் பார்த்து, ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி ஆச்சரியப்படுகிறார். உலகத்து நோட்டெல்லாம் இங்கே கள்ளநோட்டாகக் கிடக்கிறதே, லூபினைத் துரத்தி வந்து இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனே, இப்போது என்ன செய்வது என்று கேமராவைப் பார்த்துக் கேட்கிறார். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பையன் மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு. இந்த மனிதருக்கு நடிக்க வராது. வாழ்நாளெல்லாம் நேருக்கு நேர் கத்தியே பழகியவர், உண்மையை வெளியே கொண்டுவர வேறு வழியே இல்லை என்றானபோது, தனக்குச் சுத்தமாக வராத ஒன்றைச் செய்கிறார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் அந்த வரியை எழுதினேன். லூபின் செய்யும் சாகசம் எல்லாம் அவனுக்குக் கைவந்த கலை. இங்கே ஸெனிகாட்டா செய்வது அப்படியா? எத்தனை சிரமம் பாருங்கள் அவருக்கு.

அந்த ஒளிபரப்புக்குப் பிறகு மூடிய ஃபைல் தானாகத் திறந்துகொள்கிறது. கூட்டத்தில் கையை விரித்தவர்களின் ஆட்களே கடைசியில் பாராசூட்டில் வந்து குதிக்கிறார்கள்.

ஸெனிகாட்டா என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் ஸெனிகாட்டா ஹெய்ஜியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோமுரா கோடோ 1931-ல் எழுதத் தொடங்கிய கதைகளின் நாயகன் அவர். எடோ காலத்துத் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஜப்பான்) துப்பறிவாளர், நாணயத்தை வீசிக் குற்றவாளிகளை வீழ்த்துவார். 1966 முதல் 1984 வரை 888 எபிசோடுகள் டிவியில் ஓடிய பாத்திரம் என்பதால் ஜப்பானில் அவரைத் தெரியாத வீடு இருந்திருக்காது. நம் இன்ஸ்பெக்டர் அவருடைய வழித்தோன்றல் என்பது லூபின் கதையில் உள்ள செய்தி. ஹெய்ஜி குற்றத்தை விடமாட்டார், ஆனால் குற்றம் செய்தவன் மேல் நியாயம் இருந்தால் அவனை விட்டுவிடவும் செய்வார். வழித்தோன்றலுக்கும் அந்த மனசு இருக்கிறது. விட்டுவிடும் சலுகை மட்டும் லூபினுக்குக் கிடையாது.

அதனால்தான் முடிவை அவர் கோட்டை விட்டதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மணிநேரம் அங்கேயே நின்றிருந்தால் கள்ளநோட்டுக் கும்பலைப் பிடித்தவர் என்று மாலை மரியாதை எல்லாம் கிடைத்திருக்கும். அவர் நிற்கவில்லை. அவன் எதையும் திருடவில்லை, எனக்காகத்தான் போராடினான் என்று, பிரபு கட்டாயமாக மணக்க இருந்த இளவரசி கிளாரிஸ் சொல்லும்போது, இல்லை, பெரிய பொருள் ஒன்றைத் திருடிப் போயிருக்கிறான், அது உங்கள் மனசு என்கிறார். சல்யூட் அடித்துவிட்டு வண்டி ஏறுகிறார். பெரிய கேஸ் முடிந்தது, நிலுவையில் இருக்கும் பழைய கேஸுக்குத் திரும்புகிறார்.

நீங்கள் ஆங்கில டப்பிங்கில் பார்த்திருந்தால், அந்த நிலவறை டிவி காட்சியை மட்டுமாவது ஜப்பானியக் குரலில் ஒருமுறை கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் நயா கோரோ அங்கே என்ன செய்கிறார் என்பது காதில் விழும். கேட்டுவிட்டு, இன்னும் ஒத்துக்கொள்ள முடியவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்