மழையில் நிற்கும் பலகை மேடை: கேள்வி பதில்

வீட்டுக்கு வெளியே போடும் மரப் பலகை மேடையைப் பற்றி, பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மரத்தின் அளவு அடி, அங்குலத்தில் இருக்கிறது, மரக்கடையில் அதுதான் புழக்கம். துரப்பண அலகும் (துளை போடும் முனை), பலகை இடைவெளி போன்ற சில சின்ன அளவுகளும் மட்டும் மில்லிமீட்டரில்.

தாம்வே, ரங்கூன்: அண்ணே, வீட்டுக்குப் பின்னால் 16 அடிக்கு 12 அடி பலகை மேடை போடப் போகிறோம். தேக்கா, பியங்கடோவா? மரம் எவ்வளவு வாங்குவது?

தரைப் பலகைக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் பியங்கடோ. தமிழ்நாட்டில் இருள் என்று சொல்லும் மரம் இதுதான். பர்மா ரயில் பாதைக்குக் கட்டையாகப் போட்டதும் இதையே. தேக்கின் பெருமை வேறு. வெயிலிலும் மழையிலும் அது அதிகம் முறுக்காது, இழைக்கச் சுகமானது. கைப்பிடிக்கும் பெஞ்சுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். செருப்புக் கால் தேய்க்கும் தரைக்குத் தேக்குப் போடுவது காசுக்குக் கேடு.

கடையில் கன்யின் என்ற மரத்தைக் காட்டி "இதுவும் பியங்கடோ மாதிரிதான்" என்பார்கள். நிறத்தில் ஏமாறலாம், எடையில் ஏமாற முடியாது. துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போடுங்கள். பியங்கடோ மூழ்கும், நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் நீர்மட்டத்தோடு தொங்கும். கன்யின் தெளிவாக மிதக்கும். கன்யினைக் கூரைக்குக் கீழே பயன்படுத்தலாம், மழை நேரே அடிக்கும் இடத்துக்கு வேண்டாம்.

மரத்தின் பெயரை விட முக்கியம் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி. எந்த மரமானாலும் ஓரத்து வெளிறு பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சோறு. செம்பழுப்புக்குப் பக்கத்தில் வெளுத்த பட்டை ஓடும் பலகைகளைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். பெயருக்குப் பியங்கடோ, ஆனால் மூன்றாம் மழைக்கு ஓரம் மாவாக உதிரும்.

உங்கள் அளவுக்குக் கணக்கு: நாலங்குலப் பலகையை இழைத்தால் மூன்றேமுக்கால் நிற்கும், கால் அங்குல இடைவெளியோடு ஓர் அடிக்கு மூன்று வரிசை. 12 அடிக்கு 36 வரிசை, ஒவ்வொன்றும் 16 அடி. 1×4 கணக்கில் 16 கன அடி, சேதாரத்தோடு பதினேழரை. குறுக்குச் சட்டம் 2×5, பதினாறு அங்குலத்துக்கு ஒன்று, 12 அடி நீளத்தில் 13 சட்டம்: 11 கன அடி. அதைத் தாங்கும் விட்டம் 3×6, ஆறடிக்கு ஒரு வரிசை என மூன்று வரிசை: 6 கன அடி. கால் 5×5, இரண்டடி உயரத்தில் 12 கால்: சுமார் 4. மொத்தம் 38, 39 கன அடி. இங்கே டன் என்றால் 50 கன அடி, ஆகவே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

16 அடிப் பலகை கிடைக்காமல் 8 அடியில் வாங்கினால் இணைப்பு நடுச்சட்டத்தின் மேல் விழும். அங்கே ஒற்றைச் சட்டம் போதாது. இரண்டு சட்டத்தை அரை அங்குலம் தள்ளி வைத்து ஒவ்வொரு பலகை முனைக்கும் தனிச் சட்டம் கொடுங்கள். ஒரே சட்டத்தில் இரண்டு முனையையும் அடித்தால் திருகு பலகை நுனியில் இறங்கும், நுனி பிளக்கும், அந்தப் பிளவில்தான் தண்ணீர் முதலில் குடியேறும்.

பெகு: போன வருஷம் கால் அங்குலம் விட்டுப் பலகை அடித்தார் தச்சர். இப்போது விரலே உள்ளே போகிறது. அவர் தப்பா?

மழைக்காலத்தில் வாங்கி அப்போதே அடித்திருப்பார். அறுத்துச் சில வாரமே ஆன பச்சை மரம் காய்ந்து நிலைக்கு வரும்போது நாலங்குல அகலத்தில் ஐந்து மில்லிமீட்டர்வரை சுருங்கும். விட்ட கால் அங்குலத்தோடு அதுவும் சேர்ந்தால் விரல் போகாமல் என்ன செய்யும்?

பச்சைப் பலகையானால் ஓர் ஆணியின் பருமன், அதாவது 2 அல்லது 3 மி.மீ. விட்டால் போதும். காய்ந்த பலகையானால் 5, 6 மி.மீ. வேண்டும், ஏனென்றால் ஜூன், ஜூலையில் ஈரம் ஏறி அது திரும்பக் கொஞ்சம் உப்பும். காய்ந்த பலகையை நெருக்கி அடித்தால் நிலைமை இன்னும் மோசம்: பலகை ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பும், திருகின் தலை பிய்ந்துவரும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரே அளவில் இரண்டு துண்டை அறுத்து, ஒன்றை வீட்டுக்குள்ளும் மற்றதை மேடை வரும் இடத்தில் நிழலிலும் பத்து நாள் வையுங்கள். இரண்டையும் அன்றாடம் எடை போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் பச்சை.

தாட்டோன்: ஐயா, மரக்காலை நேரே மண்ணில் நட்டுச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றலாமா? எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வேண்டாம். பழைய வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். ஆழத்தில் இருந்த அடிப்பகுதி திடமாக இருக்கும், மேலே வெயில் பட்ட பகுதியும் திடமாக இருக்கும், மண்மட்டத்தில் மட்டும் இடுப்புச் சிறுத்திருக்கும். பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும், இரண்டும் சேருவது அங்கேதான். சுற்றிக் கான்கிரீட் ஊற்றினால் காய்கிற மரம் உள்ளே சுருங்கி இடுக்கு விழும், அந்தக் கிண்ணத்தில் மழைநீர் நிற்கும். அமரபுராவில் உபெய்ன் பாலத்தைக் காட்டி வாதம் செய்வோர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய தேக்குப் பாலம் அது, ஆனால் அதிலும் பல கால்கள் கெட்டுப்போய்க் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டன. மேலும் அது மழை குறைந்த மண்டலே பக்கம். உங்கள் தாட்டோன் கடலோர மழைக்கு நடுவில் இருக்கிறது.

செய்யவேண்டியது: 15 அங்குலச் சதுரம், 12 அங்குல ஆழம் அடித்தளம். அதன் மேல் 9 அங்குலச் சதுரத்தில் 18 அங்குலத் தூண், தரைமட்டத்துக்கு மேல் ஆறு அங்குலமாவது தெரிய வேண்டும். தூணின் தலை நடுவில் சற்று உயர்ந்து நாலு பக்கமும் சரிய வேண்டும். அதில் துத்தநாகப் பூச்சு இரும்புத் தாங்கியைப் பதித்து, மரக்காலின் அடி கான்கிரீட்டைத் தொடாமல் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்படி போல்ட் போடுங்கள். 12 கால் மேடைக்கு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நாலு என்ற கலவையில் ஆறு மூட்டை சிமெண்ட் வாங்கினால் சரியாக இருக்கும்.

அந்த ஆறு அங்குலம் கறையானுக்கும்தான். அது மண்குழாய் கட்டித்தான் ஏறும், வெறும் கான்கிரீட்டில் குழாய் கண்ணுக்குப் படும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். மண்ணெண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை, அன்று ஓடும், அடுத்த வாரம் வேறு காலில் ஏறும்.

மோல்மேன்: எவர்சில்வர் திருகு வாங்கிவந்தோம், பாதி திருகும்போதே முறிகிறது. போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் நல்ல எவர்சில்வர் திருகும் பியங்கடோவில் முறியும். அது இரும்புத் திருகை விட மென்மையான உலோகம். 10 நம்பர், இரண்டரை அங்குலத் திருகுக்கு மேல் பலகையில் 5 மி.மீ. துளை, கீழ்ச் சட்டத்தில் 3.2 மி.மீ. துளை, திருகு இறங்கும் முழு ஆழத்துக்கும். பலகைத் துளை பெரிதாக இருந்தால்தான் பலகை கீழே இழுபடும், இல்லையென்றால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். முதலில் அதே அளவு இரும்புத் திருகை ஓட்டிக் கழற்றிப் புரி வெட்டிவிட்டு, அப்புறம் எவர்சில்வரை மெழுகு அல்லது துணிச் சோப்பில் தேய்த்து இறக்குங்கள். துரப்பணத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, கடைசிச் சுற்றைக் கையால் முடித்தால் இன்னும் நல்லது.

கடற்காற்று வீசும் இடத்துக்கு 316 ரகம், உள்நாட்டுக்கு 304 போதும். சாதா ஆணி வேண்டவே வேண்டாம். துருவும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி மையூற்றினாற்போல் கறுக்கும். ஏற்கெனவே கறுத்திருந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவி, அரைமணி கழித்து நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள். கையுறை கட்டாயம், அது நஞ்சு. ஆணியை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

தாம்வேக்காரரின் மேடைக்கு 36 வரிசை, 13 சட்டம், சந்திப்புக்கு இரண்டு என்று 936 திருகு. ஆயிரமாக வாங்கிக்கொள்ளட்டும்.

பெகு, இன்னொருவர்: வார்னிஷா, எண்ணெயா? அந்தக் காலத்து யேனாஞ்சி எண்ணெய்க் கசடு பூசலாமா?

வார்னிஷ் வெளித்தரைக்கு ஆகாது. மேலே தோலாக நிற்கிற எதுவும் ஏப்ரல் வெயிலில் வெடிக்கும், வெடிப்பு வழியே மழை உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வரமுடியாமல் தோலுக்கடியில் மரத்தை ஊறவைக்கும். ஆளி விதை எண்ணெய் உள்ளே இறங்கும், ஆனால் நம் ஈரத்தில் அதன் மேலேயே கரும்பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த மர எண்ணெயை மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. அரைமணியில் ஊறாத எண்ணெயைத் துணியால் துடைத்தெடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

எதுவும் பூசாமல் விட்டாலும் பியங்கடோ சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், வலு குறையாது. பூச்சை எங்கே கட்டாயம் வேண்டும் என்று கேட்டால், அறுத்த முனையில். மரம் தண்ணீர் குடிப்பது வாயாலே, வாய் என்பது அறுத்த முகம். மேல்முகத்தை விடப் பல மடங்கு வேகமாக அங்கே உறிஞ்சும். அறுத்த அன்றே மெழுகோ கெட்டிப் பெயிண்டோ இரண்டு கை பூசுங்கள்.

யேனாஞ்சி, அதாவது மடங்களின் சுவரைக் கறுப்பாக்கிய அந்தக் கச்சா எண்ணெய்க் கசடு, சுவருக்கும் கீழ்ச் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் நல்லது. தரைக்குப் பூசினால் வெறுங்காலில் ஒட்டும், வேட்டியில் ஒட்டும், வெயிலில் நாறும். அடுப்பு, குத்துவிளக்குப் பக்கம் பூசவே கூடாது.

தாம்வே: மழையில் பச்சைப்பாசி, அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். பிளீச்சிங் பவுடர் போடலாமா?

பாசி போகும், கூடவே மர நாரும் பஞ்சாகும். சோடியம் பெர்கார்பனேட் கிடைத்தால் அதைக் கரைத்து ஊற்றி, இருபது நிமிடம் விட்டுத் தேங்காய்நார் பிரஷால் நார்ப்போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். கிடைக்காவிட்டால் சலவைச் சோடாவும் உழைப்பும். வேகமாக நீர் பீய்ச்சும் இயந்திரத்தை அருகில் பிடித்தால் மென்மையான நார் பிய்ந்து பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் பாசி இன்னும் சுகமாக வளரும். பூந்தொட்டியைத் தரையில் நேரே வைக்காமல் கால் வைத்துத் தூக்குங்கள். பாசி தொடங்குவது பெரும்பாலும் தொட்டிக்கடியில்தான். அம்மா நடக்கும் வழிக்கு மணல் கலந்த பட்டை ஒட்டிவிடுங்கள்.

மோல்மேன்: பாம்பு வராமல் மேடையின் பக்கங்களைப் பலகையால் அடைத்துவிட்டோம். இப்போது கீழே பூஞ்சை வாடை.

அடைத்ததால்தான். பலகையைக் கழற்றிவிட்டு அரை அங்குலக் கண் உள்ள துத்தநாகப் பூச்சு வலையடியுங்கள், அடி ஆறு அங்குலம் மண்ணில் புதையட்டும். மேடைக்கடியில் மண் வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும், மேலே மூன்றங்குலம் சரளை. வீட்டுச் சுவரோடு சட்டத்தை ஒட்டி அறைந்திருந்தால் அதையும் பாருங்கள். இடுக்கில் நீர் நின்று சுவரும் ஈரம் குடிக்கும். மேடை தன் காலில் நிற்கட்டும், சுவருக்கும் அதற்கும் ஒரு விரல் இடம் விடுங்கள்.

பியாபோன்: மேடைக்கு மேல் தகரக் கூரை போட்டால் புயலுக்கு நிற்குமா? மூங்கில் கைமரம் போதுமா?

பக்கம் திறந்த கொட்டகையில் காற்று கூரையின் கீழே புகுந்து மேலே தூக்கும், எடை அழுத்துவதைவிடத் தூக்கல்தான் ஆபத்து. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் வந்த பிறகு உங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேரே மேலிருந்து அடித்த ஆணி தூக்கலுக்கு நிற்காது. கைமரத்தை விட்டத்தோடு இரும்புப் பட்டையாலும், விட்டத்தைக் காலோடு போல்ட்டாலும், காலை அடித்தளத் தாங்கியோடும் கட்டுங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் அங்கேதான் பிரியும். தகரத் திருகு இறவாரத்திலும் முகட்டிலும் ஒன்றுவிட்ட மேட்டுக்கு ஒன்று, நடுவில் இரண்டு மேடு விட்டு ஒன்று, ரப்பர் வாஷரோடு. ஆறடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும்.

மூங்கிலானால் மூன்று, நாலு வயசுக் கழி, மழை ஓய்ந்து வெட்டியது. 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம். நீண்ட கம்பியால் உள்கணுக்களை எல்லாம் குத்தித் திறந்துவிட்டு, கழி முழுதும் பத்து நாள் மூழ்கியிருக்கட்டும். கணுவைத் திறக்காமல் ஊறப்போட்டால் வெளித்தோல் மருந்தை விடாது, உள்ளே மாவுச்சத்து அப்படியே இருக்கும், ஆறு மாதத்தில் பூச்சி துளைத்துக் கழிக்கடியில் மஞ்சள் பொடி கொட்டும். மருந்து தண்ணீரில் கரைவது, ஆகவே மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும். தகரத்துக்கு உள்ளே இருக்கும் கழிக்கு மட்டுமே இது. இறவாரத்துக்கு வெளியே நீட்டும் நுனியை மரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.