ஒரே நாளில் காடும் மாயர் ஊரும்: கோபா, புந்தா லகூனா பயணத்தை அமைப்பது எப்படி?

கேள்வி: மெக்சிகோவின் பிளாயா தெல் கார்மெனில் சில நாட்கள் தங்கவிருக்கிறோம். அதில் ஒரு நாளைக் காட்டுக்கும் மாயர் பண்பாட்டுக்கும் ஒதுக்க விரும்புகிறோம். பிரமிடு, செனோத்தே எனப்படும் நிலத்தடிக் குளத்தில் நீராடல், ஜிப்லைன், கயிற்றில் இறங்குதல், படகு, கிராமத்து மதிய உணவு, பூசாரியின் ஆசி என எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுவதாக ஒரு பேக்கேஜ் சுற்றுலா விளம்பரம் சொல்கிறது. பத்து வயது மகளும் முழங்கால் வலியுள்ள 63 வயது மாமியாரும் உடன் வருகிறார்கள். நீச்சல் தெரிந்தவர் என் கணவர் மட்டுமே. நாங்கள் சைவ உணவுக்காரர்கள். இந்த ஏற்பாடு எங்களுக்குப் பொருந்துமா, அல்லது நாங்களே போய்வரலாமா?

பதில்: ஓட்டுநருடன் ஒரு காரை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு நீங்களே போவதுதான் நல்லது. கோபா என்ற பழைய மாயர் நகரம், அதற்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள புந்தா லகூனா காடு, இவற்றோடு ஒரு செனோத்தே என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ஏழெட்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது நிறைவாகத்தான் தோன்றும். ஆனால் பெரிய குழுவில் ஒவ்வொருவராகப் பாதுகாப்புப் பட்டை மாட்டி, தலைக்கவசம் அணிந்து, முறை வரும்வரை நின்று, பிறகு கழற்றிக் கொடுப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். மாயரைப் பற்றித் தெரிந்துகொள்ள மதிய உணவு நேரம் மட்டுமே மிஞ்சும். கயிற்றில் இறங்குவதை உங்கள் குடும்பம் தயங்காமல் விட்டுவிடலாம்.

பிளாயா தெல் கார்மெனிலிருந்து துலும் என்ற ஊர் வழியாகக் கோபாவுக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். காலை எட்டு மணிக்கு வாயில் திறக்கும்போதே அங்கே இருக்குமாறு புறப்படுங்கள். பத்து மணிக்குமேல் பேருந்துகள் வரத் தொடங்கும், வெயிலும் ஏறிவிடும். மற்றொரு மாயர் நகரமான சிச்சென் இட்சாவைப் போலப் புல்வெளியில் துடைத்துவைத்த நினைவுச்சின்னமாக இல்லாமல், கோபா இன்னும் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பகுதி அகழப்படாத மேடுகளாக மரங்களுக்கடியில் கிடக்கிறது. கி.பி. 600 முதல் 900 வரை செழித்திருந்த இந்நகரத்தின் சிறப்பு அதன் சாலைகள் என்பேன். சுண்ணாம்புக்கல்லை இட்டு நிரப்பி, மேலே வெள்ளைச் சாந்து பூசி, தரைமட்டத்துக்குமேல் உயர்த்திப் போட்ட இச்சாலைகளை மாயர் சக்பே என்பார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவை இங்கிருந்து கிளம்புகின்றன. அவற்றுள் ஒன்று மேற்கே யாஷுனா என்ற மாயர் ஊர் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்கிறது. சுமை இழுக்கும் விலங்கோ சக்கர வண்டியோ இல்லாத மக்கள் இதைப் போட்டார்கள் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 7ஆம் நூற்றாண்டில் கோபாவை ஆண்ட கவீல் அஹாவ் என்ற அரசி, படை நடத்துவதற்காக இச்சாலையை அமைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காலடியில் பிணைக்கைதிகள் கிடக்க ஆட்சியாளர்கள் நிற்கும் கல்வெட்டுத் தூண்களும் அங்கே உண்டு. மழையில் கரைந்து மங்கிவிட்ட அவற்றைப் புரிந்துகொள்ள, வாயிலில் நிற்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரின் உதவி தேவைப்படும்.

நுழைவாயிலிலிருந்து 42 மீட்டர் உயரமுள்ள நோஹோச் முல் பிரமிடுவரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பாதை சமமாகவும் நிழலாகவும் இருப்பதால் உங்கள் மகள் வாடகை மிதிவண்டியில் போகலாம்; மாமியாருக்கு முன்பக்கம் இருக்கை வைத்த மூன்று சக்கர மிதிவண்டியை ஓட்டுநரோடு அமர்த்துங்கள். பிரமிடின் மேல் ஏறுவது 2020இல் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால் வாயிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறுவதையே நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். அனுமதி இருந்தாலும் படிகள் செங்குத்தானவை, ஏறுவதைவிட இறங்குவது கடினம்.

அடுத்து நீராடல். யுகத்தான் தீபகற்பத்தின் வடபகுதியில் ஆறுகள் கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு அடியில் ஓடுகிறது. மேற்கூரை இடிந்து விழுந்த இடங்களில் அந்த நீர் குளமாகத் தெரிவதுதான் செனோத்தே. மாயர் நகரங்கள் வாழ்ந்தது இந்த நீரால்தான். மழைத் தெய்வமான சாக் உறையும் இடமாகவும் பாதாளத்தின் வாசலாகவும் அவர்கள் இதை வணங்கினார்கள். கோபாவுக்குத் தெற்கே சோ-ஹா, தம்கச்-ஹா, முல்துன்-ஹா என்ற மூன்று குளங்கள் அருகருகே உள்ளன. நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைக்கும் சோ-ஹா ஏற்றது. உயரத்திலிருந்து குதிக்கும் மேடைகள் கொண்ட தம்கச்-ஹாவை உங்கள் கணவர் விரும்பக்கூடும். மூன்றிலும் படிகளில் இறங்க வேண்டியிருப்பதால் மாமியார் மேலேயே இருப்பது நல்லது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நீங்களும் மகளும் நீரில் இறங்கக் கூடாது. பாறைக் குளங்களில் கரையோரமே ஆழமாகிவிடுவதுண்டு. இறங்குமுன் குளித்து, உடலில் பூசிய வெயில் களிம்பையும் கொசு மருந்தையும் முழுவதும் கழுவிவிடுங்கள், ஏனெனில் இந்தக் குளங்களையும் சுற்றுவட்டாரத்து ஊர்களின் கிணறுகளையும் ஊட்டுவது ஒரே நிலத்தடி நீர்தான். களிம்புக்குப் பதிலாக முழுக்கை நீச்சல் சட்டை போதும்.

புந்தா லகூனாவுக்கு மதியம் இரண்டு மணியளவில் போய்ச்சேர்ந்தால் போதுமானது. அங்கிருக்கும் சிலந்திக் குரங்குகள் நண்பகலில் உறங்கிக் கிடந்து, வெயில் தணிந்தபின் மீண்டும் உணவு தேடத் தொடங்கும். 2002இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 5,000 ஹெக்டேருக்கும் சற்று அதிகம். நுழைவுச்சீட்டு தருவது, வழிகாட்டுவது, படகு விடுவது எல்லாமே அவ்வூர் மாயர் குடும்பங்கள்தான். சூயிங்கம் செய்வதற்கான மரப்பாலை எடுக்க வந்து இங்கே தங்கிவிட்டவர்களின் வழியினர் அவர்கள். அந்தப் பால் கிடைத்தது நாம் தோட்டத்தில் வளர்க்கும் சப்போட்டா மரத்திலிருந்துதான். அதன் தாயகம் இந்தப் பகுதியே. பழைய வெட்டுத் தழும்புகள் உள்ள மரங்களை வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். குரங்குகளை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக இங்கே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அப்பணியில் ஊர்க்காரர்களும் பங்கேற்றிருப்பதால், எந்தக் கிளையில் எந்தக் கூட்டம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊளைக் குரங்கின் முழக்கம் கேட்டால் ஜாகுவார் என்ற பெரும்பூனையோ என்று அஞ்ச வேண்டாம். ஜாகுவார் உண்மையிலேயே இக்காட்டில் உண்டு, ஆனால் அது பகல்நேரப் பார்வையாளர் கண்ணில் படுவது மிக அரிது; காட்டுவதாக யாராவது வாக்களித்தால் அவரை நம்பாதீர்கள். குரங்குக்கு உணவு எதுவும் கொடுக்கக் கூடாது.

ஏரியில் துடுப்புப் படகும் ஏரியைக் கடக்கும் ஜிப்லைனும் இங்கேயே கிடைக்கும். சாகசத்துக்கு உங்கள் மகளுக்கு அது போதும். எடை வரம்பை முன்னதாகக் கேளுங்கள். குழந்தையின் இடுப்பிலும் தொடையிலும் பட்டை இறுகப் பொருந்தவில்லையென்றால் அனுப்பாதீர்கள். மாமியாருக்குப் படகு போதும்.

பூசாரியின் ஆசி பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். மாயர் வழிபாட்டை நடத்துபவர் ஹ-மென் எனப்படுவார். சோளக்கொல்லை காயும் காலத்தில் மழை வேண்டி அவர் நடத்தும் சா-சாக் சடங்கு உழவர்களுக்கானது. சுற்றுலா நாளில் அதைக் காண எதிர்பார்க்க வேண்டாம். பார்வையாளர்களுக்குச் செய்வது கோபால் எனப்படும் மரப்பிசினைப் புகைத்து, காட்டிடமும் நீரிடமும் அனுமதி கேட்கும் சுருக்கமான வடிவம். சுருக்கம் என்பதற்காக அது பொய்யாகிவிடாது, குறிப்பாக ஊர்ப் பெரியவரே தம் மொழியில் செய்யும்போது. படமெடுக்குமுன் கேளுங்கள். உடல் முழுவதும் வண்ணம் பூசி இறகுக் கிரீடம் அணிந்து வழியோரம் நிற்பவர்கள் மேடைக் கலைஞர்கள். அவர்களோடு படமெடுத்துப் பணம் கொடுப்பதில் தவறில்லை, அதைச் சடங்கு என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

காட்டுப் பாதையில் கருமையான கறை வழியும் அடிமரத்தைத் தொடாதீர்கள். அது செச்சென் மரமாக இருக்கலாம். நம் சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பால் பட்டால், அதேபோலத் தோல் கொப்பளிக்கும். முழுக்கால்சட்டையும் மூடிய காலணியும் அவசியம்.

உணவில் கவனம் வேண்டும். இப்பகுதியின் புகழ்பெற்ற கொச்சினிதா பிபில் பன்றி இறைச்சி. இறைச்சி இல்லாததுபோல் தெரியும் கறுப்பு அவரையிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சூப்பும் சோறும் கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம். ஆகவே "சின் கார்னே, சின் போயோ, சின் மாந்தேகா", அதாவது இறைச்சி, கோழி, கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கைகளால் தட்டிச் சுட்ட சோள டார்ட்டியாவும், பரங்கி விதையையும் தக்காளியையும் அரைத்த சிக்கில் பாக் என்ற துவையலும் கிடைத்தால் அதுவே நல்ல சாப்பாடு. கோபாவில் மதிய உணவை முடித்துவிட்டு வடக்கே கிளம்புங்கள்.

இயலுமானால் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான உலர்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். நுழைவுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் மிதிவண்டிக்கும் தனித்தனியே கட்டணம் கேட்பார்கள் என்பதால் பெசோ ரொக்கத்தைத் துலுமிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாயா தெல் கார்மெனும் கோபாவும் கிந்தானா ரோ மாநில நேரத்தில் இயங்குகின்றன. அருகிலுள்ள யுகத்தான் மாநிலம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. எல்லை பக்கத்தில் இருப்பதால் கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தைப் பேசும்போது, எந்த மாநில நேரம் என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.