மீத்தேன் ஹைட்ரேட் ஆய்வுக்கு அரசு ஏன் பணம் ஒதுக்குகிறது?

மீத்தேன் ஹைட்ரேட் என்பது, நீர் மூலக்கூறுகள் பின்னிய கூண்டுக்குள், இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் வாயு அடைபட்டிருக்கும், பனிக்கட்டி போன்ற திடப்பொருள். அழுத்தமும் குளிரும் மிகுந்த ஆழ்கடல் படிவுகளிலும் துருவப் பகுதிகளின் உறைநிலத்திலும்தான் அது பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டிலிருந்து சுமார் 160 கன மீட்டர் வாயு கிடைக்கும்.

தனக்குத் தேவையான இயற்கை எரிவாயுவை ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதி செய்யும் ஜப்பான், 2001-இல் அரசுச் செலவில் இதற்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. லாபம் எப்போது வரும் என்றே தெரியாத வேலைக்குத் தனியார் நிறுவனங்கள் எளிதில் முதல் போடுவதில்லை. 2013 மார்ச்சில் ஜப்பானின் பசிபிக் கடலோரத்தை ஒட்டிய நன்காய் அகழிப் பகுதியில், 'சிக்யூ' என்ற துளையிடும் கப்பலின் உதவியோடு, கடலடியில் துளைத்த கிணற்றின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் வாயு பொங்குவதைப் போல, ஹைட்ரேட் சிதைந்து மீத்தேன் மேலே வந்தது. ஆனால் ஆறாம் நாள் கிணற்றுக்குள் மணல் புகுந்ததால் சோதனை நின்றுபோனது. 2017-இல் நடந்த அடுத்த சோதனையிலும் ஒரு கிணற்றை மணலே முடக்கியது. அரசு செலவழித்த பணம் பெரிதும் இத்தகைய தடைகளை அறிந்துகொள்ளவே பயன்பட்டது என்பது என் கருத்து.

பனிக்கட்டி போலிருப்பதால் இதைத் தூய எரிசக்தி என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் எரிக்கும்போது, சாதாரண இயற்கை எரிவாயுவைப் போலவே இதுவும் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும்.