அரபு நாடுகளுக்கு பிரிட்டிஷார் எல்லைக்கோடு போட்டபோது, கோட்டைத் தாண்டி அடைக்கலம் புகுந்த குலங்கள் என்ன ஆயின?

கேள்வி கேட்டவர் ஈராக், குவைத், சவூதி மூன்றையும் குறிப்பிட்டிருக்கிறார். நான் குவைத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவன். ஜஹ்ராவில் சிவப்புக் கோட்டை என்று ஒரு மண் கோட்டை இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபோக்காக அதைப் பார்க்கப் போனதிலிருந்துதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1920 அக்டோபரில் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டவர் முதைர் குலத்தின் தலைவர் ஃபைசல் அல் துவைஷ். நஜ்து (இன்றைய சவூதியின் நடுப்பகுதி) ஆட்சியாளர் இப்னு சவூதின் ‘இக்வான்’ என்ற தீவிர மதப்பற்றுள்ள குலப்படையை நடத்தி வந்தார். குவைத் ஷேக் சாலிம் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 1930 ஜனவரியில், அதே துவைஷ் அதே குவைத் மண்ணுக்கு வந்து பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார். இந்தப் பத்து வருடத்துக்குள்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். பாலைவனத்தில் அதுவரை நிலத்துக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு ‘தீரா’ உண்டு, அதாவது மழையையும் மேய்ச்சலையும் பின்தொடர்ந்து ஒட்டகங்களோடு சுற்றிவரும் வட்டாரம். அந்தக் குலம் யாருக்கு ஜகாத் (மார்க்க வரி) கொடுக்கிறதோ அவர்தான் அதற்கு அரசர். ஆகவே ஆட்சி என்பது மண்ணின் மேல் அல்ல, மனிதர்கள் மேல். இப்னு சவூதும் இதைத்தான் வாதாடினார்: கோடு வேண்டாம், எந்தக் குலம் யாருடையது என்று பிரிப்போம் என்றார்.

1922 மே மாதம் முஹம்மராவில் செய்த உடன்படிக்கை உண்மையில் குலங்களைத்தான் பிரித்தது. முந்தஃபிக், தஃபீர், அமாரத் ஆகியவை ஈராக்குக்கு. நஜ்தின் ஷம்மர் இப்னு சவூதுக்கு. தஃபீரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். அப்புறம் அந்த ஆண்டு கடைசியில் உகைர் துறைமுகத்தில் கூடினார்கள். பாக்தாதிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் பெர்சி காக்ஸ், சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டார். 1913இல் குவைத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்குப் போனது. அந்தப் பேச்சுவார்த்தையில் குவைத் ஷேக் இல்லை. அவருக்காக உட்கார்ந்திருந்தவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிற இடம் இது. இரண்டு பக்கத்து ஒட்டகங்களும் தண்ணீர் குடிக்கும் கிணறுகள் இருந்த பகுதிகளை மட்டும் ‘நடுநிலை மண்டலம்’ என்று இரண்டு துண்டாக விட்டுவைத்தார்கள்.

சரி, கோடு போட்டாயிற்று. ஓடி வந்தவர்கள்?

1921 நவம்பரில் ஷம்மரின் தலைநகரான ஹாயில் இப்னு சவூதிடம் வீழ்ந்ததும், ஷம்மர் குலத்தில் பலர் வடக்கே ஈராக்குக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏற்கெனவே வடக்கு ஷம்மர் இருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து நஜ்துக்குள் கொள்ளைத் தாக்குதல்களும் நடந்தன. “என் குடிகளைத் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் அவர்களை அடக்குங்கள்” என்பதே இப்னு சவூதின் விடாத கோரிக்கை. ஈராக் மன்னர் ஃபைசலுக்கோ இது மானப் பிரச்சினை. கூடாரக் கயிற்றைப் பிடித்து ‘நான் உன் தகீல்’, அதாவது உன்னிடம் அடைக்கலம் புகுந்தவன், என்று சொன்னவனைக் காட்டிக்கொடுப்பது பதூ (பாலைவன நாடோடி) மக்களிடையே தலைமுறைக்கும் அழியாத பழி. போதாததற்கு, இப்னு சவூத், ஃபைசலின் தந்தை ஹுசைனின் ஹிஜாஸைப் பறிக்கப்போகிறவர் வேறு.

1925 நவம்பரில் பிரிட்டிஷ் தூதர் கில்பர்ட் கிளேட்டன் இப்னு சவூதோடு பேசி, பஹ்ராவில் ஈராக்குக்கும், ஹத்தாவில் டிரான்ஸ்ஜோர்டானுக்கும் (இன்றைய ஜோர்டான்) அடுத்தடுத்த நாள்களில் இரண்டு உடன்படிக்கைகளை முடித்தார். குலங்கள் எல்லை தாண்டிக் கொள்ளையடிப்பது இனி ஆக்கிரமிப்பு. சேதத்தைக் கணக்கிட இரு தரப்பும் சேர்ந்த தீர்ப்பாயம். அரசியல் அடைக்கலத்தை மட்டும் யாரும் தீர்க்கவில்லை.

பிறகு வந்தது புசையா. உகைர் ஒப்பந்தத்தில் எல்லையோரக் கிணறுகளில் கோட்டை கட்டக்கூடாது என்று ஒரு பிரிவு உண்டு. 1927இல் ஈராக் புசையா கிணற்றருகே ஒரு போலீஸ் காவல்நிலையம் கட்ட ஆரம்பித்தது. அது எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆகவே எல்லையோரம் இல்லை என்றது பாக்தாத். ஒட்டகக்காரனுக்கு நூறு கிலோமீட்டர் என்ன தூரம்? கோடையில் அந்தக் கிணறு போனால் மந்தையே போச்சு. ஒப்பந்த வாசகம் பாக்தாத் பக்கம் இருந்தாலும், பாலைவனத்தைப் புரிந்துகொண்டவர்கள் முதைர் குலத்தார்தான் என்பது என் கருத்து. ஆனால் நவம்பரில் அவர்கள் செய்தது நியாயமே இல்லை: அங்கே இருந்த காவலர்களையும் கட்டுமான வேலைக்கு வந்த கூலிகளையும் கொன்றார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் நஜ்துக்குள் போய்க் குண்டு போட்டன. 1928இல் கிளேட்டன் இரண்டு முறை ஜித்தாவுக்குப் போய்ப் பேசியும் அந்தக் காவல்நிலைய விஷயத்தில் உடன்பாடு வரவில்லை.

இக்வானின் கோபம் இப்னு சவூத் மேலேயே திரும்பியது. 1929 மார்ச்சில் சபிலாவில் அவர்களைத் தோற்கடித்தார். காயம்பட்ட துவைஷை மன்னித்து விட்டார். தேறியதும் துவைஷ் மறுபடி எழுந்தார். இந்தக் கட்டத்தில் அவர் குவைத்தில் இருந்த பிரிட்டிஷ் அரசியல் ஏஜெண்ட் ஹரோல்ட் டிக்சனிடம் கேட்டது ஒன்றுதான்: பெண்களையும் பிள்ளைகளையும் குவைத் எல்லைக்குள் விட்டுப்போக அனுமதி. மறுத்துவிட்டார்கள். அந்த செப்டம்பரில் துவைஷின் மகன் வடக்கே ஒரு கொள்ளைப் பயணத்திலிருந்து திரும்பும்போது கொல்லப்பட்டார். அந்தப் படையில் பலர் தாகத்தாலேயே செத்தார்கள்.

டிசம்பரில் இப்னு சவூதின் படை பின்னால் துரத்த, முன்னால் பிரிட்டிஷ் விமானங்களும் கவச கார்களும் மறிக்க, மொத்தக் குலமும் குடும்பத்தோடு, மந்தையோடு குவைத்-ஈராக் எல்லை மூலையில் சிக்கியது. போக இடமில்லாமல்தான் துவைஷ் சரணடைந்தார். அவரோடு அஜ்மான் தலைவர் நாயிஃப் பின் ஹித்லைனும் இன்னொரு முதைர் தலைவரும் பிடிபட்டார்கள். உயிருக்கு ஆபத்து வராது என்ற உறுதியை இப்னு சவூதிடம் வாங்கிக்கொண்டு, ஈராக்குக்கும் குவைத்துக்கும் நஷ்டஈடாகப் பத்தாயிரம் பவுண்டும் பேசி முடித்து, ஜனவரி கடைசியில் மூவரையும் விமானத்தில் ஏற்றி கபாரி வத்ஹாவில் இருந்த அவருடைய முகாமில் ஒப்படைத்தார்கள். டிக்சன் சிறுவயதில் அனைஸா குலத்துப் பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்தவர். ஒப்படைக்கப்படுகிறவனுக்கு அது என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒரு மாதத்துக்குள், 1930 பிப்ரவரி 22 அன்று, வளைகுடாவில் ‘லூபின்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஈராக் மன்னர் ஃபைசலும் இப்னு சவூதும் முதல்முறையாக நேரில் சந்தித்துக்கொண்டார்கள். 1931 ஏப்ரலில் நல்லுறவு உடன்படிக்கையும் குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கையும் கையெழுத்தாயின.

இன்றைக்கும் பாதிப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுநிலை மண்டலங்களை அந்தந்த நாடுகள் பின்னாளில் பங்கு போட்டுக்கொண்டன. வேலை நிமித்தமாக நான் போய்வந்த வஃப்ரா எண்ணெய் வயல் அப்படிப் பங்கு போட்ட பகுதிதான். மனிதர்கள் விஷயம் அப்படி முடியவில்லை. 1959 குவைத் குடியுரிமைச் சட்டம், 1920க்கு முன்பே அங்கே நிலையாகக் குடியிருந்தவர்களைத்தான் அசல் குடிமக்கள் என்கிறது. மேய்ச்சலுக்குப் போய்வந்த குடும்பங்கள் எந்தக் காகிதத்தைக் காட்டும்? ‘பிதூன்’ என்று அழைக்கப்படும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத சுமார் ஒரு லட்சம் பேரில் கணிசமானவர்கள் இப்படிப்பட்ட குலங்களின் வழிவந்தவர்கள்தான். அவர்களில் நிறையப் பேர் வசிப்பது, நான் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போன ஜஹ்ராவிலும் அதைச் சுற்றியும்.

துவைஷ் 1931இல் ரியாத் சிறையில் இறந்தார். சரணடைந்த அன்று தன் வீட்டுப் பெண்களை டிக்சன் தம்பதியின் பொறுப்பில் விட்டிருந்தார். அவர்கள் அந்தப் பெண்களுக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.