மாக்கல்லில் முறிந்த கழுத்து

கேள்வி: ஒரு அடி உயர மாக்கல் துண்டு ஒன்று வாங்கினேன். வரைபடமோ களிமண் மாதிரியோ வைத்துக்கொள்ளாமல், கல்லில் கண்ணுக்குத் தெரிகிற உருவத்தையே செதுக்க ஆசை. கொக்கு தெரிந்தது. கழுத்து ஒல்லியாகி வந்தபோது முறிந்துவிட்டது. உடம்பை எவ்வளவு தேய்த்தும் வெள்ளைக் கீறல்கள் போகவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: வரையாமல் தொடங்கியதில் தவறில்லை. கழுத்தை முதலில் மெலித்ததுதான் வினை. என்ன உருவம் என்பதைக் கல்லிடம் விடலாம். எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்ற வரிசையை அப்படி விட முடியாது.

மாக்கல்லில் பெரும்பங்கு டால்க் என்ற கனிமம். பலப்பம் செய்கிற அதே கல். டால்க் தகடு தகடாக அடுக்கியிருக்கும். பல துண்டுகளில் அந்த அடுக்கு ஒரே திசையில் ஓடும். கழுத்தின் நீளவாக்கில் அடுக்கு ஓடினால் தாங்கும், குறுக்கே ஓடினால் பிஸ்கட் போல ஒடியும். உங்கள் முறிவு தட்டையாக, பளபளப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுக்கில்தான் பிரிந்திருக்கிறது.

அடுத்த கல்லை உளி வைக்கும் முன்பே சோதியுங்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, நிழலில் உலர விடுங்கள். மேற்பரப்பு வெளுக்கும்போது கருங்கோடாக ஈரம் நிற்கிற இடமெல்லாம் விரிசல் என்று சந்தேகிக்கலாம். பிறகு இரண்டு மரச்சட்டங்கள்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். தரையில் வைத்துத் தட்டினால் ஓசை செத்துவிடும். கருங்கல்லில் கணீரென்று மணிபோல் ஒலிப்பதை ஆண் கல் என்றும் ஓசை எழாததை அலிக்கல் என்றும் சிற்பிகள் பிரிப்பார்கள். மாக்கல் அவ்வளவு பாடாது. ஒரே கல்லில் ஓரிடம் மட்டும் ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே பிளவு இருக்கலாம். அந்தப் பக்கத்தை மெல்லிய உறுப்பாக்க வேண்டாம்.

உருவம் தேடுவதற்கு இரவு நேரம் நல்லது. விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துக் கல்லை நான்கு புறமும் திருப்புங்கள், தலைகீழாகவும் பாருங்கள். தெரிவதைக் கரித்துண்டால் கோடிட்டு, மறுநாள் பகலில் பார்த்தும் அது நின்றால் தொடங்கலாம். கச்சிதமான உருவங்களே இந்தக் கல்லுக்கு ஒத்துவரும். வடதுருவத்து இனூயிட் சிற்பிகளின் கரடிகளையும் கடல்நாய்களையும் பாருங்கள்: கால்களும் துடுப்புகளும் பெரும்பாலும் உடம்போடு ஒட்டியே இருக்கும். 1117இல் எழுந்த கர்நாடகத்துப் பேலூர்க் கோயிலும் மாக்கல் வகைதான். அங்குள்ள மதனிகைகள் என்ற மங்கைச் சிற்பங்களின் தலைக்குமேல் கொடியும் இலையும் பந்தலாகக் கவிந்திருக்கும். அழகுக்காகச் செய்ததுதான், ஆனால் மெலிந்த கைக்கு அது முட்டும் கொடுக்கிறது.

கல்லைப் பட்டறைக் கிடுக்கியில் நெரிக்காதீர்கள். பாதி மணல் நிரப்பிய சாக்கின்மேல் வையுங்கள். பெரிய துண்டுகளைப் பழைய மர ரம்பத்தால் அறுத்தெடுத்து, பிறகு கொட்டாப்புளியும் உளியும், அடுத்து முரட்டு அரம். கடைசி வடிவத்துக்குமேல் எங்கும் ஒரு செ.மீ. கூடுதலாக விட்டு, சிற்பம் முழுவதையும் ஒன்றாகவே சுருக்கிக்கொண்டு வாருங்கள். மூக்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு பாலம் போலக் கல்லை விட்டுவைத்து, மெருகுக்குச் சற்றுமுன் அறுத்தால் போதும். கழுத்துக்கு உளி கூடாது, அரம் மட்டுமே. இந்த அளவுச் சிற்பத்தில் கழுத்து 3 செ.மீ.க்குக் கீழே போவது வீண் துணிச்சல்.

வெள்ளைக் கீறலில் இரண்டு வகை உண்டு. புள்ளி புள்ளியாக இருந்தால், உளியைச் செங்குத்தாகப் பிடித்து அடித்ததில் கல் உள்ளே நசுங்கியிருக்கிறது. அந்த ஆழம்வரை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். கோடாக இருந்தால், முந்தைய உப்புத்தாளின் கீறல். ஈரக்கல்லில் அது மறைந்து, காய்ந்ததும் பல்லிளிக்கும். 120, 220, 400, 600, 1000 என்று ஒன்றையும் தாண்டாமல், வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் பழைய கோடு எது என்று தெரியும். அடுத்த எண்ணுக்குப் போகும் முன் கல்லை உலரவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் 220க்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மெருகுக்கு முன் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயட்டும்; உள்ளே ஈரம் இருக்கச் சூடேற்றினால் விரிசல் விடலாம். பிறகு மெதுவாக, கை பொறுக்காத சூடுவரை ஏற்றித் தேன்மெழுகைத் தேயுங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கல்லே அதை உருக்கி உறிஞ்சும். எண்ணெய் தடவினாலும் கல்சட்டி கருப்பதுபோல நிறம் ஏறும், ஆனால் தூசி ஒட்டும்.

தூசி பற்றி ஒரு கண்டிப்பு. சில மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் வகை இழைகள் கலந்திருக்கும். நார்நாராகப் பிரிகிற கல்லைத் தொடவே வேண்டாம். மற்றதையும் நனைத்தே செதுக்குங்கள். என்95 முகக்கவசம் அவசியம். கிரைண்டர் வேண்டாம். தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முறிந்த தலையை ஒட்டலாம்: இரு பக்கமும் 15 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, 3 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகி, எபாக்சி பசையில் அதே கல்லின் தூளைக் குழைத்துப் பூசி, 24 மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். ஆனாலும் கோடு தெரியும். முறிந்த இடத்தை இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். தலையை இறகுக்குள் செருகித் தூங்கும் கொக்குக்குக் கழுத்து வெளியே தெரிய வேண்டியதில்லை.