கைத்துப்பாக்கிப் பிடி எவ்வளவு சொரசொரப்பாக இருக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ரேஞ்சில் 9 எம்.எம். பிஸ்டல் சுடுகிறீர்கள், உள்ளங்கை நன்றாக வியர்க்கும், வேகமாக நாலைந்து குண்டு சுட்டதும் பிடி கைக்குள் நகர்ந்துவிடுகிறது. கிடைப்பதிலேயே முரட்டுப் பிடியாகப் பார்த்து மாட்டிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நான் அதைத்தான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

என் பழைய பிடி வழவழப்பான மரம். அதைக் கழற்றிவிட்டு அங்குலத்துக்கு 20 கோடு வீதம் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பிடியை மாட்டினேன், இதற்குச் செக்கரிங் என்று பெயர். முதல் 50 குண்டு வரை உடும்புப்பிடிதான். துப்பாக்கி அசையவே இல்லை, எனக்கு ஒரே பெருமை. 150 குண்டு தாண்டியபோது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைரக்கட்டங்கள் அச்சு வைத்ததுபோல் பதிந்திருந்தன. நடுவிரலின் பக்கவாட்டில், விசைக்காப்பு வளையம் வந்து உரசும் இடத்தில், தோல் கழன்றுவிட்டது. மறுநாள் காலை பல் தேய்க்க பிரஷைப் பிடித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது.

எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட மோசமான ஒன்று நடந்தது. உறையிலிருந்து எடுக்கும்போது கை ஒரு நூலளவு தள்ளிப் பிடித்துவிட்டால், வழவழப்பான பிடியில் விரல்கள் தானாகவே வழுக்கிச் சரியான இடத்துக்கு வந்துவிடும். முரட்டுப் பிடியில் அது நடக்காது. தப்பாகப் பிடித்தால் அந்தத் தப்பிலேயே கை ஒட்டிக்கொள்ளும். அன்று என் குண்டுகள் ஒரு பக்கமாகவே குவிந்ததற்குக் காரணம் இதுதான் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. ரிவால்வரில் நீளமான விசை இழுத்துச் சுடுபவர்கள் சிலர் வழவழப்பான மரப்பிடியையே விரும்புவதும் இதனால்தான், கை அதில் தானே போய் உட்காரும்.

ஆகவே முதலில் வடிவத்தைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் துப்பாக்கியில் சுடும்போது கையில் விழும் உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஆனாலும் 60 குண்டுக்கும் கை ஒரே இடத்தில் உட்கார வேண்டும், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். அவர்கள் பிடியை அரம் போட்டுத் தேய்த்தும், மர மக்கு வைத்து மேடாக்கியும் உள்ளங்கைக்கு ஏற்றபடி செய்துகொள்வார்கள். சொரசொரப்பு அதற்கப்புறம்தான். உங்கள் பிஸ்டலில் பின்முதுகை, அதாவது பிடியின் பின்பக்கத் துண்டை, கழற்றி மாற்றும் வசதி இருந்தால், கூட வந்த எல்லா அளவையும் மாட்டிப் பாருங்கள். அப்புறம் இடக்கை. இரண்டு கையால் சுடும்போது பக்கவாட்டில் அழுத்தி அடக்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான், பலருக்குப் பிடி நகர்வது அந்தக் கை சோம்பிக் கிடப்பதால். எனக்கும் பாதிக் கோளாறு அதுவே, வியர்வை மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வழுக்குகிறது என்றால், அப்போது சொரசொரப்புக்கு வரலாம்.

செக்கரிங்கில் எண் குறையக் குறைய முரடு கூடும். 20 கோடு என்றால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர், 25 என்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 30 என்றால் அதற்கும் கீழே. கூர்முனையை மழுக்கிவிட்ட 20, கூரான 25-ஐவிடக் கைக்கு இதமாக இருக்கலாம், அதனால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். துப்பாக்கியின் இரும்புச் சட்டத்திலேயே நேரடியாக வெட்டுவதென்றால் என் ஓட்டு 25-க்கு.

ரப்பர் உதையை வாங்கிக்கொள்ளும், கைக்குச் சுகம். ஆனால் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவர்களுக்கு அது தலைவலி, துணி அதில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். முரட்டுப் பிடி வேறு விதமாகப் படுத்தும்: இடுப்புத் தோலை நாள் முழுக்க அராவும், சட்டை நூல் பிரியும். ஜி10 என்பது கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் அடுக்கி அழுத்திய தகடு. ஈரம் குடிக்காது, லேசில் தேயாது, வியர்க்கும் கைக்கு நல்ல தேர்வு. அதை வீட்டில் தேய்ப்பதாக இருந்தால் முகமூடி போடாமல் தொடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பிளாஸ்டிக் சட்டத்தை சால்டரிங் அயர்னால் குத்திக் குத்தி, அம்மி கொத்துவதுபோல் புள்ளி வைப்பார்கள். ஸ்டிப்லிங் என்று பெயர். பார்க்க அழகு. ஆனால் உருக்கிய பிளாஸ்டிக்கைத் திரும்ப வைக்க முடியாது, உத்தரவாதமும் போகலாம். முதல் தடவையே அதில் இறங்காமல், ஒட்டும் கிரிப் டேப்பை வெட்டி ஒட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் உரித்துப் போட்டுவிடலாம். விரல் சுற்றும் முன்பக்கம், உள்ளங்கை பதியும் பின்முதுகு, இடக்கை அழுத்தும் பக்கம், இவ்வளவு போதும். மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றும் பொத்தானைத் தேடிக் கட்டைவிரல் நகரும் வழியையும், மேலே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டையில் பதியும் இடத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே ஒட்டினால் முதலில் புண்ணாவது அந்தக் கவட்டைதான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. தோட்டா இல்லை என்று அறையையும் மேகசினையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, கையில் லேசாக லோஷன் தடவிக்கொண்டு, சுடுவதுபோல் இறுக்கிப் பிடித்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். நண்பர் ஒருவர் பிடியை மெல்லத் திருகிப் பார்க்கட்டும். கடையில் உலர்ந்த கையோடு பத்து நொடி தொட்டுப் பார்த்தால் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். கையுறை போட்டுச் சுடுபவர் என்றால் கையுறையோடே பாருங்கள், அவருக்கு முரடு கொஞ்சம் கூடினாலும் தோஷமில்லை.

நான் இப்போது வைத்திருப்பது நடுத்தரச் சொரசொரப்புள்ள ஜி10. வியர்வை அதிகமுள்ள நாளில் கையில் லிக்விட் சாக் (ஈரத்தைக் குறைக்கும் வெள்ளைப் பூச்சு) தடவிக்கொள்கிறேன்.

காசு செலவழிக்கும் முன் இன்னொன்று. இப்போதுள்ள பிடி பிளாஸ்டிக்கோ ரப்பரோ என்றால், துப்பாக்கியைக் காலிசெய்துவிட்டு, பழைய பல் பிரஷில் துளி சோப்புத் தண்ணீர் தொட்டு அந்தக் கோடுகளுக்குள் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெயும் வியர்வையும் கைத்தோலும் சேர்ந்து அடைத்திருந்தால் எந்தச் செக்கரிங்கும் வழுக்கத்தான் செய்யும். என் நண்பர் ஒருவர் புதுப் பிடிக்கு ஆர்டர் போடப் போனவர், இதைச் செய்துவிட்டு ஆர்டரை ரத்து செய்தார்.