மாமி வீட்டில் முதல் பிள்ளை: அப்பாவுக்கு என்ன வேலை?

கேள்வி: டொக்டர், எனக்கு 29 வயது, மேசன் வேலை. மனைவிக்கு இப்போது 31 வாரம், முதல் பிள்ளை. நவம்பர் கடைசியில் திகதி கொடுத்திருக்கிறார்கள். மண்டூருக்கு அங்கால், மனைவியின் வீட்டில் மாமா மாமியோடு இருக்கிறோம். என்ன ஆயத்தம் செய்யவேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் பொம்பிளைகள் பாக்கிற வேலை மருமகன், நீங்க காச மட்டும் பாருங்க" என்கிறார் மாமி. அறைக்குப் பெயின்ட் அடித்து, ஒரு தொட்டிலும் இரண்டு டின் பால்மாவும் வாங்கிவைக்க யோசிக்கிறேன். மாமா வீட்டுக்குள்ளேயே சுருட்டுப் பிடிப்பார். நானும் சிகரெட் பிடிப்பேன், ஆனால் வெளியில்தான். பிள்ளை பிறந்ததும் தேனும் வசம்பும் கொடுக்கவேண்டும், 31 நாளைக்கு அறையை மூடிவைத்துச் சாம்பிராணி போடவேண்டும், தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கவேண்டும் என்று மாமி சொல்கிறார். எதைக் கேட்பது, எதை விடுவது?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பால்மா டின்னை உங்கள் பட்டியலில் இருந்து வெட்டிவிடுங்கள். வீட்டில் டின் இருந்தால் மூன்றாம் நாள் இரவு பிள்ளை விடாமல் அழும்போது யாராவது ஒருவர் அதைத் திறப்பார். முதல் இரண்டு மூன்று நாளும் சீம்பால் தேக்கரண்டிக் கணக்கில்தான் வரும். பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே போதும். அந்த நாட்களில் பிள்ளையின் எடை பத்தில் ஒரு பங்குவரை குறையலாம். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். இது தெரியாமல் "பால் காணாது" என்று ஒருவர் சொல்ல, தாயும் அதை நம்பிவிடுகிறாள். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். டின் பால் குடித்த பிள்ளை உறிஞ்சாது, அப்புறம் உண்மையாகவே பால் குறையும். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், இடையில் தண்ணீர்கூட வேண்டாம். உண்மையிலேயே பால் போதாத பிள்ளை என்றால் எடையைப் பார்த்து வைத்தியர் சொல்வார். அன்றைக்கு வாங்கினால் போதும்.

பெயின்டைவிட எனக்குக் கவலை உங்கள் பாதை. நவம்பர் கடைசி என்றால் மாரி. வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வெல்லாவெளிப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் பட்டிருப்புப் பாலத்துக்கு வருவதே பாடு. வாவியைக் கடக்கிற குருமண்வெளித் துறைப் பாதையை (மிதவையை) நம்பியும் இரவில் இருக்கமுடியாது. முதல் பிள்ளை பெரும்பாலும் அவசரப்படாது, வலி தொடங்கிப் பிறக்கப் பன்னிரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் பன்னீர்க்குடம் உடைவதும் இரத்தம் போவதும் நேரம் பார்த்து வருவதில்லை. களுதாவளை, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி என்று ஆஸ்பத்திரி இருக்கிற கிழக்குக் கரையில், எழுவான்கரையில் சொந்தக்காரர் இருந்தால், கடைசி இரண்டு வாரம் அங்கே போய் இருக்கமுடியுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். அதற்கு வழியில்லை என்றால், தூரத்தையும் வெள்ளத்தையும் கிளினிக்கில் சொல்லுங்கள். திகதிக்கு முன்னரே வார்டில் சேர்க்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

ஓட்டோக்காரர் ஒருவருக்கு இரண்டு பேர் என்று பேசிவையுங்கள், ஒருவரின் போன் அன்றைக்கு வேலை செய்யாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த எண் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் வேலைத்தளத்தில் நிற்கும்போது வலி வந்தால் அழைக்கப்போவது மாமிதான். கர்ப்பிணிப் பதிவேடு, அடையாள அட்டை, தாய்க்கும் பிள்ளைக்கும் துணி எல்லாம் ஒரே பையில், வெள்ளத் தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றி, 36 வாரத்தில் தயாராக இருக்கட்டும்.

எப்போது புறப்படுவது? பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று சொல்வோம். உங்கள் இடத்துக்கு அது பிந்திவிடும், ஒழுங்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்தாலே வெளிக்கிடுங்கள். தண்ணீர் உடைந்தால், இரத்தம் பட்டால், வயிற்றுக்குள் பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், கடுமையான தலையிடியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்தால் வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கடைசியாகச் சொன்ன மூன்றும் பிரஷர் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம், வலிப்புவரை போகும். விடியட்டும் என்று படுக்கப்போவதில்லை என்பதை வீட்டில் எல்லோரும் இப்போதே ஒத்துக்கொள்ளவேண்டும்.

சரி, மாமிக்கு வருவோம். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: மாமி உங்களுக்கு எதிராளி இல்லை. மற்ற ஊர்களில் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிறார்கள். மட்டக்களப்பில் பெண்ணுக்குக் கிடைக்கிற சீதன வீடே பெரும்பாலும் தாய்வீடு, இல்லாவிட்டால் அதே வளவுதான். பெற்ற தாய் பக்கத்தில் இருப்பது உங்கள் மனைவிக்குப் பெரிய பலம். அந்த வீட்டில் புது ஆள் நீங்கள்தான். அதனால் நேரமும் வார்த்தையும் பார்த்துப் பேசுங்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், ஒருவருக்கும் நித்திரை இல்லாத நேரத்தில் "தேன் வேண்டாம் மாமி" என்றால் அது சண்டையில் முடியும். இப்போது, சாப்பிட்டு முடிந்து விறாந்தையில் இருக்கும்போது சொன்னால் வெறும் கதைதான். நீங்கள் சொல்லி எடுபடாது என்று தோன்றினால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் தனியாகச் சொல்லி, அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது மாமியை வைத்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள். மருமகன் சட்டம் பேசுகிறார் என்ற பேச்சே எழாது.

தேனில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை, ஒரு வயதுவரை தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் ஒன்றும் செய்யாத அவை, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். பிள்ளை துவண்டு, பால் உறிஞ்சமுடியாமல், மூச்சு எடுக்கமுடியாமல் போகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது, சொந்த வளவில் எடுத்த சுத்தமான தேன் என்பதாலும் பயனில்லை. வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டுவதும், பொன் உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். வசம்பைக் கையில் கட்டினால் பிள்ளை சூப்பும், நூலும் இறுகும். வாசல் நிலையில் கட்டிவிடச் சொல்லுங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது. நாவூறுக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தால் நான் ஏன் குறுக்கே நிற்கப்போகிறேன்? தொப்புள்கொடிக்குச் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ பூசவேண்டாம். காய்ந்தபடி விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும்.

31 நாளில் எனக்குப் பிடித்த விசயங்கள் நிறைய. தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது, அடுப்பு வேலை இல்லை, ஊர்ச் சனம் அறைக்குள் ஏறுவது குறைகிறது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் இதுவே 40 நாள். இந்தக் காவலைக் குலைக்கவேண்டாம், யன்னலை மட்டும் திறவுங்கள். பூட்டிய அறையில் சாம்பிராணிப் புகை பிறந்த பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாது. மாமிக்கு அந்த வாசம் வேண்டுமென்றால் பிள்ளை இல்லாத நேரத்தில் போட்டு, புகை வெளியேறியபின் பிள்ளையைக் கொண்டுவரலாம். நுளம்புத்திரிக்கும் இதே கதைதான். மாரியில் டெங்கு வரும், அதற்காகத் திரி கொளுத்தாமல் வலை கட்டுங்கள். வளவில் தண்ணீர் தேங்கும் சிரட்டை, டயர், பீலி எல்லாம் உங்கள் பொறுப்பு, மனைவிக்கு இப்போதே டெங்கு வந்தாலும் ஆபத்து.

சரக்குக் கறி, பால்சுறா, முருங்கையிலை எல்லாம் நல்ல சாப்பாடு. பத்தியம் என்று மரக்கறியையும் பழத்தையும் நிறுத்துவதில்தான் பிழை இருக்கிறது. தண்ணீரைக் குறைப்பது அதைவிடப் பிழை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும், தாகத்துக்குக் குடிக்கட்டும். பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரமும் காலில் இரத்தம் உறையும் ஆபத்து வழக்கத்தைவிட அதிகம். தண்ணீரும் இல்லாமல் அசைவும் இல்லாமல் கிடந்தால் அது இன்னும் கூடும். ஓய்வு என்பது கட்டிலை விட்டு இறங்காமல் கிடப்பது இல்லை, அறைக்குள் வளவுக்குள் நடக்கலாம். பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர் இருப்பதைக் கவனிக்கிற ஆள் நீங்களாக இருங்கள்.

இனிப் புகை. மாமாவிடம் பேசுவது மாமியிடம் பேசுவதைவிடக் கடினம் என்று தெரியும். ஆனாலும் பேசவேண்டும். புகைபிடிக்கிற வீட்டில் வளரும் கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளி, நியூமோனியா, காது வருத்தம் கூடுதலாக வரும். நித்திரையிலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. சுருட்டை வளவின் அந்தலையில் ஒரு கதிரையோடு மாற்றிவிடுங்கள், "பேரப்பிள்ளைக்காக மாமா" என்று சொன்னால் பல பெரியவர்கள் இறங்கி வருகிறார்கள். நீங்கள் வெளியில் பிடிப்பதும் முழுத் தீர்வு இல்லை, சேட்டிலும் கையிலும் மூச்சிலும் அது வீட்டுக்குள் வருகிறது. பிள்ளை வர இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே விடப் பாருங்கள். அதுவரை கை கழுவி, உடுப்பு மாற்றாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். புகைபிடிக்கிறவர், குடித்தவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. உங்களுக்கு இன்னொன்றும் உண்டு: சீமெந்து. ஈரச் சீமெந்து பெரியவர் தோலையே புண்ணாக்கும். வேலை விட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் பிள்ளை.

பெயின்ட் அடிப்பதென்றால் இந்த மாதமே அடித்து முடியுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஈயத் தூசி வரலாம், அந்த நாட்களில் மனைவி அந்த அறையில் படுக்கவேண்டாம். தொட்டில் உங்கள் விருப்பம், அவசியம் இல்லை. இறுக்கமான மெத்தை, பிள்ளை மல்லாக்க, முகத்தருகே தலையணையோ கனத்த போர்வையோ பொம்மையோ இல்லாமல், தாய் படுக்கிற அறையிலேயே. இது நடந்தால் போதும். ஏணையில் பிள்ளை சுருண்டு, நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். முதல் மாதங்களில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் ஏணை, இரவுக்கு வேண்டாம். சொந்தக்காரர் தரும் பழைய பிள்ளை உடுப்பு நல்லதுதான். ஆனால் அலுமாரியில் நப்தலீன் உருண்டையோடு கிடந்த துணியை அப்படியே போடாதீர்கள். ஜீ-சிக்ஸ்-பீ-டீ என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் ஏறும். துவைத்து, வாசம் போகும்வரை வெயிலில் போட்டு எடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் உங்கள் கண்ணில் படவேண்டியவை சில. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே குழிந்தால், உடம்பு 38 பாகை செல்சியசுக்கு ஏறினால், அல்லது தொட்டால் குளிர்ந்தால், உடனே ஆஸ்பத்திரி. பரசிட்டமோல் கொடுத்துப் பார்ப்பது இந்த வயதில் கிடையாது. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், பிறகு உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினாலும் அப்படித்தான். காலை வெயிலில் பிடிப்பது அதற்கு வைத்தியம் இல்லை. தாய்க்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் நனைகிற அளவு இரத்தம், காய்ச்சல், கெட்ட வாடை, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், கடும் தலையிடி, மூச்சு முட்டல் வந்தாலும் 31 நாள் முடியட்டும் என்று இருக்கவேண்டாம், துடக்கு ஆஸ்பத்திரிக்குத் தடை இல்லை.

மூன்றாம் நாலாம் நாள் உங்கள் மனைவி காரணமில்லாமல் அழக்கூடும். அது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அடங்காமல் இழுத்தால், பிள்ளையில் விருப்பம் இல்லை என்றால், சாவைப் பற்றிய பேச்சு வந்தால் "கண்ணூறு" என்று நூல் கட்டிவிட்டுச் சும்மா இருக்காமல் மிட்வைஃபிடமோ ஆஸ்பத்திரியிலோ சொல்லுங்கள். தகப்பன்மாருக்கும் இந்த மனச்சோர்வு வரும். எங்கள் ஆண்கள் அதைச் சொல்லாமல் சாராயத்தில் கரைக்கப் பார்ப்பார்கள், கரையாது. இரவில் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண் செய்யலாம்: ஏவறை எடுப்பது, துணி மாற்றுவது, கழுவுவது. பக்கத்து வளவுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீங்களும் போங்கள். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். மனைவியின் இரத்தவகை நெகட்டிவா? அப்படியென்றால், பிள்ளை பொசிட்டிவாகப் பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அன்டி-டி ஊசி போடவேண்டும், அது உங்களுக்கும் நினைவில் இருக்கட்டும். பிரசவம் களுவாஞ்சிகுடியிலா, இல்லை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டிய காரணம் ஏதும் உண்டா? பிரசவத்தின்போது துணைக்கு யார் நிற்கலாம்? துணைக்குப் பெண்ணைத்தான் விடுவோம் என்றால் மாமியின் பெயரைக் கொடுங்கள்.